மரபும் மாற்றமும்: ரீம் கஸ்ஸீஸின் 'த அரபெஸ்க் டேபிள்'

சமையல் நூலொன்றுக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை எனச் சிலர் கேட்கக்கூடும். ஒரு சமூகத்தின் ஞாபகம் கவிதையிலும் கதையிலும் மட்டும் தங்குவதில்லை, அடுப்படியிலும் தங்குகிறது. நிலத்தை இழந்தவர்களுக்கு அதுவே முதல் ஆவணக் காப்பகம் எனலாம்.

ரீம் கஸ்ஸீஸ் ஜெருசலத்தில் வளர்ந்த பலஸ்தீனர். மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர். 2017இல் வெளிவந்த இவரது முதல் நூலான 'த பலஸ்தீனியன் டேபிள்', தாயிடமும் பாட்டிமாரிடமும் பெற்றதைத் தன் பெண்பிள்ளைகளுக்குக் கையளிக்கும் முயற்சி. 2021இல் வந்த 'த அரபெஸ்க் டேபிள்' அந்தக் குடும்பச் சொத்தை வைத்துக்கொண்டு புதிய அரபுச் சமையலைத் தேடுகிறது.

மரபை அவர் விளங்கிக்கொண்ட விதமே இந்நூலின் பலம். உணவுப் பொருட்களின் வழியே அவற்றின் பயணத்தைப் பின்தொடர்கிறார். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் கத்தரிக்காய் உண்டு, தக்காளி இல்லை. முன்னது இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாகப் போனது. பின்னது அமெரிக்கக் கண்டத்துக்குரியது. பல நூற்றாண்டுகள் பிந்தியே வந்தது. இன்று இவ்விரண்டும் இல்லாமல் அரபுச் சமையல் இல்லை. அப்படியாயின் பாட்டியின் கைப்பக்குவமும் ஒரு காலத்தின் புதுமைதானே! பேத்தி ஒன்றைச் சேர்த்து ஒன்றைக் குறைப்பதால் மரபு கெட்டுவிடாது.

எல்லாமே கலப்பு என்றால் உரிமை கோருவது எதற்கு என்ற வினா எழும். 2020இல் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் 'இஸ்ரேலிய உணவு' என்ற பெயரை ஆட்சேபித்து எழுதியவரும் இவரே. இதில் முரண்பாடு இல்லை. கலப்பை ஏற்பது வேறு, அழிப்பை ஏற்பது வேறு. பலஸ்தீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவுகளில் பறித்துவந்த காட்டு ஸஅதர் மூலிகையைப் பறிப்பதற்கு 1977இல் இஸ்ரேல் தடை விதித்தது. பாட்டியின் அன்றாட வேலை குற்றமாகிப்போன இடத்தில், ஒரு பதார்த்தத்தை அதன் பெயரும் ஊரும் சொல்லிப் பரிமாறுவது வெறும் சமையற் குறிப்பல்ல, சாட்சியம்.

குறையும் உண்டு. நூல் ஆங்கிலத்தில், விலையுயர்ந்த பதிப்பாக வந்திருக்கிறது. இந்த அறிவைக் காத்துத் தந்த கிராமத்துப் பாட்டிமாரில் பலருக்கு அது எட்டாது. அரபியில் 'நஃபஸ்' எனப்படும் கைராசியைக் கரண்டிக் கணக்கில் அடக்கவும் முடியாது.

ஆயினும் மரபைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டாமலும், சந்தையில் பெயர் மாற்றி விற்க விடாமலும் காக்க ஒரு வழியை இந்நூல் காட்டுகிறது. எழுத்துக்கும் அந்த வழி பொருந்தும்.