சாவியா, காயா?

2003-ல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 4’ விளையாட்டில் கூடுதல் களம் ஒன்றைச் சேர்க்க என்னென்ன வேண்டியிருந்தது தெரியுமா? கேம் பாய் அட்வான்ஸ் கருவிகள் இரண்டு, அவற்றை இணைக்க ஒரு கேபிள், இ-ரீடர் என்ற தனிக்கருவி, அப்புறம் அந்தக் களம் அச்சிடப்பட்ட கார்டு. கேமுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது; இத்தனையும் அதற்கு மேல். இவை எல்லாம் ஒரே வீட்டில் இருந்த சிறுவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அமெரிக்காவில் 2002 செப்டம்பரில் விற்கத் தொடங்கிய இ-ரீடரை நின்டெண்டோ 2004-லேயே அங்கே மூட்டை கட்டிவிட்டது. ஐரோப்பியக் கடைகளுக்கு அது போகவே இல்லை.

கருவிதான் போனதே தவிர யோசனை போகவில்லை. காசு கொடுத்துக் கார்டு வாங்கி, அதைக் கருவியில் உரசியோ தொட்டோ கேமுக்குள் புதிதாக ஒன்றைத் திறப்பது இன்றும் நடக்கிறது. இந்த வழக்கத்தை மொத்தமாகக் கொள்ளை என்பவர்களும் உண்டு, குழந்தைப் பருவத்தின் இன்பம் என்று உருகுபவர்களும் உண்டு. இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்பது என் எண்ணம். ஒரு கார்டு கேமுக்குள் என்ன வேலை செய்கிறது, எப்படி விற்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் பிடிபடும்.

இ-ரீடரையே முதலில் எடுத்துக்கொள்வோம். தோற்றுப்போன கருவியாக இருந்தாலும், உள்ளே இருந்த யோசனை அசாதாரணமானது. ஒலிம்பஸ் நிறுவனம் உருவாக்கிய புள்ளிக்குறி முறையில், கார்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை. அதில் கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படாத பொடிப்பொடியான புள்ளிகள். நீளமான பட்டை ஒன்றில் சுமார் 2 கிலோபைட் அடங்கும். மாரியோவின் ஒரு முழுக் களம், அதாவது தரை, குழாய், எதிரி, நாணயம் எல்லாம், மையாக அந்தக் கார்டின் மேல் இருந்தது. ‘பலூன் ஃபைட்’ போன்ற பழைய விளையாட்டு ஒன்றை ஐந்து கார்டுகளில் அடைத்து, இரண்டு ஓரங்களிலுமாகப் பத்து முறை உரச வைத்து விற்றார்கள். உரசுகிறவன் கை சலித்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் வாங்கியவன் கையில் இருந்தது அனுமதிச் சீட்டு அல்ல, சரக்கே அதுதான்.

இந்த வேறுபாட்டின் பலன் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஜப்பானில் வந்த மாரியோ களக் கார்டுகளில் பல, அமெரிக்காவுக்கு வரவே இல்லை. ஆனால் தரவு முழுவதும் காகிதத்திலேயே இருந்ததால், ஆர்வலர்களால் அவற்றைப் படித்தெடுத்துக் காப்பாற்ற முடிந்தது. பின்னர் நின்டெண்டோவே, 2016-ல் வீ யூ கருவிக்காக அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பிலும், 2023-ல் ஸ்விட்ச் சந்தாவில் சேர்த்த பதிப்பிலும், 38 களங்களையும் கார்டு இல்லாமலே கொடுத்துவிட்டது. பதின்மூன்று ஆண்டு தாமதமான நீதி என்றாலும் நீதிதான்.

அடுத்த தலைமுறைக் கார்டுகளில் இந்த ஏற்பாடு தலைகீழானது. 2014 நவம்பரில், கருவியில் தொட்டால் கேமுக்குள் புதிதாக ஒன்றைத் திறக்கும் நின்டெண்டோவின் அமீபோ பொம்மைகள் வந்தன. 2015-ல் ‘அனிமல் கிராஸிங்: ஹேப்பி ஹோம் டிசைனர்’ கேமோடு அமீபோ கார்டுகள் வந்தன. வரிசைக்கு 100 கார்டுகள், நான்கு வரிசைகளில் 400. ஒவ்வொரு கார்டிலும் ஒரு விலங்குப் பாத்திரம். உள்ளே ஒரு சிறு சிப். அந்தச் சிப்பின் மொத்த நினைவகம் 540 பைட். இந்தப் பத்தியைக்கூட அதற்குள் முழுதாக அடைக்க முடியாது. ஆகவே அதில் பாத்திரமும் இல்லை, அதன் வீடும் இல்லை, பேச்சும் இல்லை. ‘இது இன்ன பாத்திரம்’ என்று சொல்லும் அடையாள எண்தான் அதில் முக்கியம். மற்றதெல்லாம் ஏற்கெனவே நாம் வாங்கிய கேமுக்குள்ளேயே கிடக்கிறது. வீட்டை முழு விலைக்கு விற்றுவிட்டு, அதில் சில அறைகளுக்கு மட்டும் சாவியைத் தனிக் கடையில், எந்த அறையின் சாவி என்று சொல்லாமல் உறையில் போட்டு விற்கிற வேலை இது.

இவ்வளவு கடுமையாகச் சொன்ன பிறகும், இந்தச் சாவிகளுக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் நேர்மையாக இராது. 2015-ல் வாங்கிய கார்டு, 2016 இறுதியில் வந்த இலவச மேம்படுத்தலுக்குப் பிறகு அதே அனிமல் கிராஸிங் தொடரின் ‘நியூ லீஃப்’ விளையாட்டிலும் வேலை செய்தது. 2020-ல், வேறொரு கருவியில், ‘நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டிலும் வேலை செய்தது. மேசை இழுப்பறையில் ஐந்தாண்டு கிடந்த காகிதம் அன்று வந்த கேமில் கதவு திறக்கிறது. இணையத்தில் வாங்கித் தரவிறக்கும் கூடுதல் பகுதி எதுவும் இப்படிக் கேம் விட்டுக் கேம் தாண்டி உழைத்ததாக எனக்கு நினைவில்லை. 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் நின்டெண்டோ மூடியபோது, அதுவரை வாங்காமல் இருந்தவர்களுக்கு அங்கே இருந்த எண்ணியல் சரக்கு கைநழுவிப் போனது. கார்டுக்கு அந்தக் கடை திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான்.

அத்துடன், கார்டு வாங்கியவனுடையது. கணக்கு, கடவுச்சொல், சர்வர் எதுவும் வேண்டாம். தங்கைக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொள்ளலாம், அலுத்துவிட்டால் விற்கலாம். எண்ணியல் பொருளுக்கு இந்த உரிமைகள் அரிது. அங்கே நாம் வாங்குவது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. (சிப்பில் உள்ள தரவுக்குத் தயாரிப்பாளர் உறுதி சொல்லும் ஆயுள் பத்தாண்டு என்பது ஒரு சிறு நெருடல். அதற்குமேல் உடனே அழிந்துவிடும் என்று பொருளல்ல. ஆனாலும் மையில் அச்சிட்ட புள்ளிகளுக்கு இந்தக் கவலை இல்லை.)

கேமுக்குள் கார்டுக்குக் கொடுத்திருக்கும் இடத்திலும் ஓர் அளவறிவு தெரிகிறது. ‘நியூ ஹொரைசன்ஸ்’ தீவில் ஒரு பாத்திரத்தைக் கார்டு வழியாக அழைத்தால், அது உடனே குடியேறிவிடாது. முகாமுக்கு விருந்தாளியாக வரும். ஏதாவது ஒரு பொருளைச் செய்து தரச் சொல்லும். மூன்று நாள் அப்படி உபசரித்த பிறகுதான் குடிவரச் சம்மதிக்கும். தீவில் பத்துப் பேருக்கு மேல் இடமில்லை என்பதால், யாரை அனுப்புவது என்ற சங்கடமும் உண்டு. கார்டு வைத்திருப்பவனும் விளையாடித்தான் ஆகவேண்டும். கார்டு இல்லாதவனுக்கும் வழி அடைபடவில்லை. பயணச்சீட்டு வாங்கி வேறு தீவுகளுக்குப் போய்த் தேடினால், அதே பாத்திரம் அதிர்ஷ்டவசமாகக் கண்ணில் படலாம். குறுக்குவழிக்குத்தான் விலை வைத்தார்கள், வழிக்கே அல்ல. இதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் உறையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆறு கார்டு கொண்ட உறை வெளிவந்தபோது 5.99 டாலர். உள்ளே யார் என்று பிரிக்கும்வரை தெரியாது. ஒரு வரிசையின் 100 கார்டுகளும் சமவாய்ப்பில் வருகின்றன என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், முழு வரிசையும் கைக்கு வரச் சராசரியாக 519 கார்டுகள் பிரிக்க வேண்டும். ஏறக்குறைய 87 உறைகள், 520 டாலர். ஸ்விட்ச் கருவி வெளிவந்தபோது 300 டாலர், கேம் 60 டாலர் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். அதுவும் ஒரே ஒரு வரிசைக்கு. 99 கார்டு சேர்ந்த பிறகு, மிஞ்சிய அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக இன்னும் 100 கார்டு பிரித்தாக வேண்டும். மாற்றிக்கொள்ள நண்பர்கள் இருந்தால் செலவு வேகமாகக் குறையும். காகிதத்தின் நற்குணம் அது. தனியாக விளையாடும் குழந்தைக்கு அந்த வசதி ஏது?

இதைச் சூதாட்டம் என்று சொல்லலாமா? சட்டம் இதில் விசித்திரமாக நடந்துகொண்டிருக்கிறது. ஜப்பானில், வெவ்வேறு கார்டுகளைத் திரட்டி ஒரு தொகுதியை நிறைவு செய்தால் பரிசு என்று ஆசைகாட்டி விற்பது, கைபேசி விளையாட்டுகளுக்கு வெகுமுன்பே தடைசெய்யப்பட்ட வியாபார உத்தி. 2012 மே மாதம் அந்நாட்டு நுகர்வோர் முகமை, கைபேசி கேம்களில் கொழித்துவந்த ‘கம்ப்ளீட் காச்சா’ முறைக்கும் அந்தப் பழைய விதி பொருந்தும் என்று அறிவித்தது. காகிதக் கார்டுக்காக எழுதிய விதி திரையைப் பிடித்தது! பெல்ஜியத்தில் 2018-ல் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகளைக் கேம்களில் வைப்பது சட்டமீறல் என்றது. அடுத்த ஆண்டே நின்டெண்டோ, அனிமல் கிராஸிங்கின் கைபேசிப் பதிப்பான ‘பாக்கெட் கேம்ப்’ உட்பட இரண்டு கேம்களை அங்கிருந்து விலக்கிக்கொண்டது. அந்த முடிவு காகித உறைகளைத் தொடவில்லை. திரையில் திறந்தால் சூது, கையால் கிழித்தால் பொழுதுபோக்கு. குழந்தையின் மனத்தில் இரண்டுக்கும் நடக்கும் படபடப்பு ஒன்றுதானே?

மூடிய உறையைவிட மோசமான ஒன்றும் உண்டு. சான்ரியோ நிறுவனத்தின் ஹலோ கிட்டி வகைப் பாத்திரங்களுக்காக ஆறு கார்டுகள் 2016-ல் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வந்தன. ஐரோப்பாவில் ஒரே உறையில் ஆறும் இருந்ததால் அங்கே அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. விற்பனை முறையில் இது நேர்மையானது. ஆனால் அமெரிக்காவுக்கு அவை 2021 மார்ச் வரை வரவில்லை. வந்தபோதும் டார்கெட் என்ற ஒரே கடைத்தொடரில் மட்டும். வந்த வேகத்தில் தீர்ந்தும் போயின. இந்தப் பாத்திரங்கள் கார்டு இல்லாமல் தீவுக்குத் தாமாக வரமாட்டார்கள். அவர்களோடு வரும் அறைகலன்களைக் கடையில் வரவழைப்பதற்கும் ஸ்கேன் செய்தாக வேண்டும். எல்லாம் எல்லார் கேமுக்குள்ளும் இருக்கிறது. திறக்கும் ஒரே வழி, கடையில் இல்லாத ஒரு காகிதம். இடைத்தரகர்கள் பல மடங்கு விலை சொன்னார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தாகிவிட்டது. ரேமண்ட் என்ற, கண்ணாடி போட்ட பூனைப் பாத்திரம் 2020-ல் கேமோடு புதிதாக வந்தபோது அதற்குக் கார்டே கிடையாது. கார்டு இல்லாவிட்டால் வியாபாரமும் இருக்காது என்று நினைப்பீர்கள். ரேமண்டைத் தன் தீவிலிருந்து அனுப்பிவைக்க உண்மையான டாலர் கேட்டவர்களும், கொடுத்தவர்களும் இருந்தார்கள். 2021 நவம்பரில் ஐந்தாம் வரிசையில் ரேமண்டுக்கும் கார்டு வந்தது. ஆகவே கார்டை ஒழித்துவிட்டால் பேராசை ஒழியும் என்ற வாதம் எடுபடாது. தட்டுப்பாட்டை யார் உண்டாக்கினாலும் சந்தை வந்து உட்கார்ந்துவிடும்.

தட்டுப்பாட்டுக்கு ஆட்டக்காரர்களே கண்டுபிடித்த பதில், போலிக் கார்டு. அமீபோவின் மறைகுறிச் சாவிகள் வெளியே கசிந்துவிட்டன. அதே வகை வெற்றுச் சிப் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது. கைபேசியில் எழுதி, நாணய அளவில் ஒட்டி, நானூறு பாத்திரத்தையும் ஒரு சிறு டப்பாவில் வைத்திருப்பவர்கள் உண்டு. இதை விற்பனைக்குச் செய்வது தவறுதான். ஆனால் கடையில் இல்லாத கார்டுக்காகத் தன் கேமில் இருக்கும் அறையைத் தானே திறந்துகொள்கிறவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்டுகளை இதைவிட நன்றாகப் பயன்படுத்த முடியாதா? முடியும், ஜப்பானிய ஆர்கேடுகளில் அது வெகுநாளாக நடக்கிறது. செகா நிறுவனம் 2002-ல் கொண்டுவந்த ‘வேர்ல்ட் கிளப் சாம்பியன் ஃபுட்பால்’ ஆட்டத்தில், பனீனி கால்பந்துக் கார்டுகளை மேசைமேல் பரப்பி, கையால் நகர்த்தி அணிவகுப்பை மாற்ற வேண்டும். தடுப்பாட்டக்காரரின் கார்டை ஓர் அங்குலம் முன்னே தள்ளினால் திரையில் அவர் முன்னேறுவார். அடுத்த ஆண்டு வந்த ‘முஷிகிங்’ வண்டு ஆட்டத்தில் 100 யென் போட்டால் ஒரு கார்டு வரும். அதன் பார்கோடை வாசிக்க வைத்து அந்த வண்டைக் களத்தில் இறக்கலாம். அங்கேயும் என்ன வரும் என்று தெரியாது, காசும் கரையும். ஆனால் போட்ட காசுக்கு ஓர் ஆட்டமும் உண்டு. எதை எடுப்பது, எங்கே வைப்பது என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் யோசிக்க வைப்பதால் அங்கே கார்டு காயாகிறது. சாவிக்கோ கதவைத் திறப்பதோடு வேலை முடிந்தது.

இதற்கு நேரெதிர், 2011-ல் வந்த ‘ஸ்கைலேண்டர்ஸ்’. கார்டு அல்ல, பொம்மைதான். ஆனால் சூத்திரம் அதேதான். எட்டு இயற்கைச் சக்திகள். தொடக்கப் பெட்டியில் மூன்று பொம்மைகள், மூன்று சக்திகள். மற்ற ஐந்துக்கும் உரிய வாயில்கள் ஆட்டத்தின் நடுவே பூட்டிக்கொண்டு குழந்தையின் எதிரே நிற்கும். கண்ணில் படாத கூடுதல் பகுதியை விற்பது வியாபாரம். பூட்டிய கதவை ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டி அப்பாவைக் கடைக்கு இழுக்கவைப்பது வேறு. அந்தப் பொம்மைக் காய்ச்சலும் நெடுநாள் நிற்கவில்லை. டிஸ்னியின் போட்டித் தொடர் 2016-லும் லெகோவுடையது 2017-லும் நிறுத்தப்பட்டன.

இந்த அளவுகோலில் அனிமல் கிராஸிங் கார்டுகளை வைத்தால், பொருள் நன்று, கேமுக்குள் அதன் இடமும் பெரும்பாலும் நன்று, விற்கும் விதம் மோசம். சரிசெய்வதும் கடினமல்ல, சான்ரியோ உறையில் நின்டெண்டோவே அதில் பாதியைச் செய்து காட்டியிருக்கிறது. உறைக்கு வெளியே உள்ளே இருப்பவர்களின் பெயரை அச்சிட வேண்டும். கார்டு விற்பனை நின்ற பிறகு, அது திறந்தவற்றை மாரியோ களங்களைப் போல எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். அதுவரை, பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர்கள் மூடிய உறையைத் தவிர்த்து, வேண்டிய பாத்திரத்தைப் பெயர் சொல்லி இரண்டாம் கையாக வாங்கிக்கொள்ளுங்கள்.