கெல்ட்டிய ஆன்மீகமும் நமது ஆசிரம மரபும்: பேச்சிப்பாறையை முன்வைத்து ஒரு திறனாய்வு

நமது போதகர் கூடுகைகளிலும் இறையியல் மாணவரின் ஜெபக் குழுக்களிலும் 'கெல்ட்டிய ஆன்மீகம்' என்னும் சொல் இப்போது செவியில் விழுகின்றது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் பண்டைத் துறவியர் மரபிலிருந்து வந்தவை எனப்படும் ஜெபங்கள் ஆங்கில நூல்களிலிருந்து எடுத்து வாசிக்கப்படுகின்றன. இயற்கையில் இறைவனைக் காணும் ஆன்மீகம் இது என்று போற்றப்படுகின்றது. அதனோடு இன்னொரு விருப்பமும் எழுகின்றது. பட்டணத்தின் இரைச்சலையும் திருச்சபைத் தேர்தல்களின் கசப்பையும் விட்டு விலகி, மலையும் நீரும் சூழ்ந்த ஓரிடத்தில் ஒரு தியான ஆசிரமம் அமைக்கலாகாதா என்பதே அது. குமரி மாவட்டத்தில் இவ்வாறு எண்ணுவோர்க்கு முதலில் நினைவில் எழும் இடம் பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே அணையும், அதன் பின்னே விரிந்த நீர்த்தேக்கமும், அதற்கப்பால் அடுக்கடுக்காய் எழும் மலைகளும் எவர் உள்ளத்தையும் அமைதிப்படுத்த வல்லவை.

இவ்விருப்பத்தை நாம் இகழவில்லை. களைத்துப்போன போதகருக்கு ஓய்வும் அமைதியும் வேண்டும் என்பதை அறிவோம். ஆயினும் ஒன்றைக் கடன் வாங்குமுன் அது என்ன பொருள், யாருடைய பொருள், எவ்விலைக்குக் கிடைத்தது என்று கேட்பது திறனாய்வின் கடமை.

1. பெயரும் பொருளும்

கி.பி. 563-இல் கொலும்பா என்னும் அயர்லாந்துத் துறவி தம் தோழர்களுடன் அயோனாத் தீவில் இறங்கினார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையையொட்டிய சிறு தீவு அது. அங்கே எழுந்த துறவு மடத்திலிருந்தே 635-இல் எய்டன் இங்கிலாந்தின் வடபகுதிக்குச் சென்று லிண்டிஸ்பார்னில் மடம் நிறுவினார். அயோனாவின் மடத்தலைவராய்ப் பின்னர் விளங்கிய அடோம்னான், 697-இல், போரில் பெண்களும் சிறுவரும் குருமாரும் கொல்லப்படலாகாது என்னும் சட்டத்தை அரசர் பலர் ஏற்கச் செய்தார். இத்துறவியரின் வாழ்வு கடுமையானது. நோன்பும் உடலுழைப்பும் பாவப் பரிகார ஒழுங்குகளும் நிறைந்தது. குளிர்ந்த நீரில் நின்று சங்கீதம் ஓதியவர்களைப் பற்றிய மரபுகளும் உண்டு. இன்று விற்பனையாகும் அழகிய ஜெபநூல்களில் இக்கடுமை பெரும்பாலும் காணப்படுவதில்லை.

இதனை மேனாட்டு அறிஞரே உணர்த்தியுள்ளனர். 1993-இல் கெல்ட்டிய வழியைப் போற்றி ஒரு நூல் எழுதிய ஸ்காட்லாந்து இறையியலாளர் அயன் பிராட்லி, 1999-இல் எழுதிய வேறொரு நூலில், ஒவ்வொரு காலமும் தான் விரும்பிய கனவையே இம்மரபின்மேல் ஏற்றிப் பார்த்தது என்று காட்டித் தம் முந்தைய கருத்தைத் திருத்திக்கொண்டார். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட டொனால்டு மீக் 2000-இல் இன்னும் கூர்மையான விமர்சனத்தை வெளியிட்டார். தம் மொழியையும் தம் மக்களின் திருச்சபை வாழ்வையும் அறியாதவர்கள் தம் மரபை எடுத்தாள்வதே அவருடைய முறையீடு.

நாம் விரும்பி வாசிக்கும் ஜெபங்களில் பல, அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் கேலிக் மொழி பேசும் ஏழைக் குடியானவரிடமிருந்து திரட்டி 1900-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அடுப்பை மூட்டும்போதும், பசுவைக் கறக்கும்போதும், தறியில் இருக்கும்போதும் சொல்லப்பட்ட ஜெபங்கள் அவை. அம்மக்களில் பலர், ஆடு வளர்ப்பதற்காக நிலக்கிழார் தம் நிலத்தைப் பறித்துக்கொள்ள, வீடிழந்து கடல் கடந்து போனவர்களின் உறவினர். உழைப்பிலும் இழப்பிலும் பிறந்த சொற்களை ஓய்வு நாடுவோர் காட்சியின்பத்திற்காகப் பயன்படுத்தும்போது அவற்றின் பொருள் மாறிவிடுகின்றது.

2. கோவனிலிருந்து அயோனாவுக்கு

இக்காலத்து அயோனாச் சமூகத்தை 1938-இல் நிறுவியவர் ஜார்ஜ் மக்லியோட். அவர் அமைதியை நாடித் தீவுக்கு ஓடியவர் அல்லர். கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியில், கப்பல் கட்டும் தொழில் நலிந்து வேலையற்றோர் நிறைந்திருந்த திருச்சபையில், 1930 முதல் போதகராயிருந்தவர். ஆலயத்தில் ஒலிக்கும் சொல்லுக்கும் தெருவில் பசித்திருப்போனுக்கும் இடையே தொடர்பு அற்றுப்போனது என்பதே அவர் கண்ட நோய். ஆகவே இளம் போதகரையும் வேலையற்ற கைத்தொழிலாளரையும் ஒருங்கே தீவுக்கு அழைத்துச் சென்று, இடிந்து கிடந்த மடத்தின் வாழ்விடங்களைக் கட்டச் செய்தார். கல் சுமப்பதும் ஜெபிப்பதும் ஒரே நாளின் ஒழுங்கில் இடம்பெற்றன. 1965-இல் அக்கட்டடப் பணி நிறைவுற்றது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அச்சமூகத்தின் உறுப்பினர் பெரும்பாலும் தீவில் வாழ்வதில்லை. தத்தம் ஊரிலும் தொழிலிலும் சிதறி வாழ்கின்றனர். இரண்டாவது, அவர்களைப் பிணைப்பது ஓர் ஒழுங்கு. ஜெபமும் வேத வாசிப்பும், பணத்தையும் நேரத்தையும் எவ்வாறு செலவிட்டோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுப்பதும், நீதிக்கும் சமாதானத்திற்குமான செயலும் அவ்வொழுங்கின் கூறுகள். நம்மில் எத்தனை பேர் இந்தக் கணக்குக் கொடுத்தலைக் கடன் வாங்க ஆயத்தமாயிருக்கிறோம்? ஜெபங்களை மொழிபெயர்த்தோம், ஒழுங்கை மொழிபெயர்க்கவில்லை.

3. திருப்பத்தூரின் சான்று

அயோனாச் சமூகம் தோன்றுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு தமிழரும் ஒரு ஸ்காட்லாந்தியரும் இணைந்து நம் நாட்டில் ஓர் ஆசிரமத்தை அமைத்துவிட்டனர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் மருத்துவர். மக்கள் முன்னவரைப் பெரிய அண்ணன் என்றும் பின்னவரைச் சின்ன அண்ணன் என்றும் அழைத்தனர். வெள்ளையர் ஒருவர் தமிழர் ஒருவருக்குத் தம்பியாய் வாழ்வது அக்காலத்து மிஷன் வளாகங்களில் காணக் கிடைக்காத காட்சி. அந்த உறவே அவ்வாசிரமத்தின் முதற்பெரும் பிரசங்கம் என்போம்.

பேட்டன் ஸ்காட்லாந்தின் அல்லோவாவில் கம்பளி நூல் ஆலைகளால் செல்வம் பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். நூல் ஆலைக் குடும்பத்தின் மைந்தர் இங்கே கதர் உடுத்தார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதராடையுடன் நின்ற அவரைக் காவலர் தாக்கினர். அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் தம் நாட்டு ஆன்மீகத்தை இங்கு நட முயலவில்லை; இம்மண்ணின் துன்பத்தில் பங்கு கொண்டார். அவ்வாறே, கெல்ட்டிய மொழி வழங்கும் பிரிட்டனிப் பகுதியில் பிறந்த ஹென்றி லெ சோ, 1950-இல் ஜூல் மோன்ஷனெனுடன் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கியபோது, காவிரிக்கரையில் பிரிட்டனியைத் தேடவில்லை. கெல்ட்டிய நாட்டார் இங்கு வந்து தமிழகத்தைக் கற்றனர். நாம் தமிழகத்திலிருந்துகொண்டு கெல்ட்டியரைத் தேடுகின்றோம்.

4. ஆசிரம மரபின் குறைகள்

ஆனால் திருப்பத்தூரையும் நாம் விமர்சனமின்றி ஏற்பதற்கில்லை. மணவாத துறவியரையே நடுநாயகமாகக் கொண்ட அமைப்பில், உழைத்து உண்டு பிள்ளை வளர்க்கும் குடும்பத்தார் ஓரத்தில் நிற்க நேர்கின்றது. பெண்களோ இன்னும் ஓரத்தில். நிறுவனரின் ஆளுமையைச் சார்ந்து எழுந்த சமூகம் அவருக்குப்பின் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது எளிதன்று.

இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. திராவிடக் கோவிற் கலைப்பாணியில் எழுந்த ஜெபாலயம் அந்நியத்தன்மையைக் களையும் முயற்சியென்பதில் ஐயமில்லை. எனினும், கோவிலின் உட்புறம் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த மக்களே நமது சபைகளில் மிகுதியாயுள்ளனர். கோபுரம் அவர்களுக்கு எதனை நினைவூட்டும்? தலித் இறையியல் 1980-களில் எழுந்தபோது இவ்வினாவை உரத்துக் கேட்டது. இவ்வினாவுக்குத் தம் பாட்டினால் விடை தேடியவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டின் நடுவே கொண்டுவந்தார். அனைவரும் ஒரே உலையில் சமைத்து உண்பதை இறையரசின் அடையாளமாக்கினார். கார்மைக்கேல் குடியானவர் குடிசைகளுக்குச் சென்றதற்கு இணையான செயலை நம்மிடையே தேடினால் அது இங்கேதான் கிடைக்கின்றது. அதனைக் கைப்பிரதியாய் வைத்துக்கொண்டு நூலக அலமாரியில் அயல்நாட்டு ஜெபங்களைத் தேடுவது வியப்புக்குரியது.

5. பேச்சிப்பாறையில் யார் இருக்கின்றனர்?

இனிப் பேச்சிப்பாறைக்கு வருவோம். அப்பாறை பேச்சி என்னும் பெண்தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மிஞ்சின் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பொறுப்பில், திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாளின் காலத்தில் கட்டப்பட்ட அணை 1906-இல் நிறைவுற்றது. நாஞ்சில் நாட்டு வயல்கள் இந்நீரை நம்பி விளைந்தன. ஆகவே நாம் 'இயற்கை' என்று கண்குளிரக் காணும் நீர்ப்பரப்பு, மனிதர் கல்லடுக்கிக் கட்டிய ஒன்று. பாசனத்திற்கென முறை வைத்துத் திறக்கப்படும் நீர் அது.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிய மலைகளில் காணி மக்கள் வாழ்கின்றனர். சில குடியிருப்புகளினின்று பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் படகில் நீரைக் கடந்தே வரவேண்டும். நமக்குத் தியானத்திற்கு உகந்ததாகத் தோன்றும் தனிமை, பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கு எத்தகையது என்று எண்ணுதல் வேண்டும். அடுத்து ரப்பர்த் தோட்டங்கள். பால்வெட்டுத் தொழிலாளர் வெளிச்சம் வருமுன்னரே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய்ச் செல்கின்றனர். குளிர்ந்த பொழுதில் பால் நன்கு வடியும் என்பதே காரணம். நாம் விடியற்கால ஜெபத்திற்கு மணியடிக்கும் நேரத்தில் அவர்கள் பாதி மரங்களை வெட்டி முடித்திருப்பர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. மழையைப் பற்றிய நமது துதிப்பாட்டு அவர்கள் செவியில் எவ்வாறு ஒலிக்கும்?

இம்மலைத்தொடரின் கேரளப் பகுதியில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு நினைவூட்டுவோம். 1987-இல் காணி மக்கள் சிலர் தம்முடன் வந்த ஆராய்ச்சியாளருக்கு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். காடேறும்போது களைப்பு நீங்க அவர்கள் உண்ணும் காய் அதனுடையது. பின்னர் அதிலிருந்து மருந்து செய்து விற்கப்பட்டபோது, வருவாயில் ஒரு பங்கு அம்மக்களுக்குரியது என்னும் நீதி பேசப்பட்டு, அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. செடியின் அறிவுக்குப் பங்கு உண்டெனில், நிலத்தின் அமைதிக்கும் காட்டின் புனிதத்திற்கும் பங்கு இல்லையா? ஒரு மக்களின் வாழ்விடத்தை நமது ஆன்மீகத்திற்குப் பின்னணித் திரையாக்குவதும் ஒருவகைப் பறித்தலே. வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்ட பின்னரேனும் 'யாருமற்ற மலை' என்று நாம் பேசலாகாது.

மேலும், இம்மாவட்டத்தில் சீர்திருத்தத் திருச்சபை எவ்வாறு வேர்விட்டது என்பதும் இதனோடு தொடர்புடையது. 1806-இல் வேதமாணிக்கத்தின் ஊராகிய மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்தபோது, மக்கள் ஆத்தும அமைதியை மட்டும் நாடி அவரிடம் வரவில்லை. ஊழியமும் வரிகளும் அவமதிப்பும் நிறைந்த வாழ்வினின்று நிமிர்ந்து நிற்க வந்தனர். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததும், தோள்சீலைக்கான நெடும்போராட்டத்திற்குப்பின் 1859-இல் அரச அறிக்கை வந்ததும் அவ்வரலாற்றின் பகுதிகள். பக்தியும் மானமும் ஒரே நாற்றாய் நடப்பட்ட மண்ணில், மானத்தை விட்டுப் பக்தியை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது.

6. மூன்று அளவுகோல்கள்

ஆகவே பேச்சிப்பாறையிலோ, அதைப் போன்ற வேறிடத்திலோ ஒரு தியானச் சமூகம் வேண்டாம் என்பதா நமது முடிவு? இல்லை. வேண்டும் என்போம், ஆனால் மூன்று அளவுகோல்களால் அது அளக்கப்பட வேண்டும்.

முதலாவது, அயலார். அங்கு வாழ்வோர் அச்சமூகத்தின் திட்டம் வகுக்கும் அமர்வில் முதல்நாளிலேயே இடம்பெற வேண்டும். சமையலறையிலும் தோட்டத்திலும் மட்டும் அவர்களைக் காணும் தியான இல்லம் விருந்தினர் விடுதியே ஆகும்.

இரண்டாவது, உழைப்பு. தியானத்திற்கு வரும் போதகரும் மாணவரும் ஒருநாளேனும் பால்வெட்டுத் தொழிலாளியோடு இருளில் நடக்கட்டும். அவர் அனுமதித்தால் அவரோடு ஜெபிக்கட்டும். அந்த நடையினின்று ஒரு ஜெபம் பிறக்குமானால், அது தமிழில் பிறக்கும்; மொழிபெயர்ப்பு வேண்டாம்.

மூன்றாவது, கணக்கு. பணம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு செலவாயிற்று, நிலம் யார் பெயரில் உள்ளது என்பவற்றை உறுப்பினர் தம்முள்ளும் அயலார் முன்னும் வெளிப்படையாகச் சொல்லும் ஒழுங்கு வேண்டும். சொத்துகளைக் குறித்த வழக்குகளால் நமது திருச்சபையின் சாட்சி எவ்வளவு மங்கியுள்ளது என்பதை வாசகர் அறிவர். அக்கசப்பினின்று ஓடி மலையேறுவோர் அதன் வித்தையும் கூடவே எடுத்துச் செல்லக்கூடும்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் நமதாண்டவர் களைத்த சீடரைப் பார்த்துத் தனித்த இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைக்கின்றார். தியான முகாம் அழைப்பிதழ்களில் அவ்வசனத்தை நாம் விரும்பி அச்சிடுகின்றோம். ஆனால் அவர்களும் படகேறி நீரைக் கடந்தே சென்றனர் என்பதையும், கரை இறங்கியபோது திரளான ஜனங்கள் அங்கே முன்னமே காத்திருந்தனர் என்பதையும் அடுத்த வசனங்கள் கூறுகின்றன. ஆண்டவர் அவர்களை ஓய்வுக்குத் தடையெனக் கருதவில்லை. மனதுருகினார், போதித்தார், மாலையில் அப்பமும் பகிர்ந்தார். பேச்சிப்பாறையின் அக்கரையிலும் மக்கள் முன்னமே இருக்கின்றனர். அவர்களைக் காணும் கண்ணோடு படகேறுவோரை நாம் வாழ்த்தி அனுப்புவோம்.