ஓவியர் இளையராஜாவின் நடப்பியலும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளப் பெண்களும்

ஆய்வுச்சுருக்கம்

எஸ். இளையராஜாவின் (1979–2021) எண்ணெய்வண்ண ஓவியங்கள் தமிழ்ப் பெண்ணின் கருநிறத்தை அழகின் நடுவிடத்தில் நிறுத்தின. ஆயினும் அவர் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் உருவான தொழிலாளப் பெண், அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களில் இடம்பெறவில்லை. இதற்கான காரணத்தை ஓவிய முறையிலேயே தேடுகிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: நடப்பியல், எண்ணெய்வண்ணம், ஒளி, பெண் உழைப்பு, ஸ்ரீபெரும்புதூர்

முன்னுரை

கே.சி.எஸ். பணிக்கர் முதலியோர் 1944இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கமும், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமமும் புதிய வடிவங்களைத் தேடின. நடப்பியலோ பெரும்பாலும் இதழ்களிலும் நாட்காட்டிகளிலும் திரைப்படப் பதாகைகளிலும் தங்கியது. கும்பகோணம் அருகே பிறந்து அங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்ற இளையராஜா, அதனைப் பொதுமக்கள் கொண்டாடும் ஓவியமாக மீட்டெடுத்தார்.

நிறமும் ஒளியும்

இரவிவர்மாவின் அச்சுப்படங்கள் வழியே பரவிய பெண்ணழகு, வெளிர்நிறத்தைச் சார்ந்தது. இளையராஜா அவ்வழக்கத்தை மறுத்தார். சன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ ஒருபக்கமாக நுழையும் ஒளி, கருந்தோலின் மீது செம்பழுப்பாகவும் பொன்னிறமாகவும் படிகிறது. கலைந்த கூந்தல், பருத்திச் சேலையின் மடிப்பு, பித்தளைப் பாத்திரத்தின் மினுக்கம் ஆகியன அவ்வொளிக்கு உடன்நிற்கின்றன. உழைக்கும் உடல் இங்கு இரக்கத்துக்குரியதன்று, மதிப்புக்குரியது. இதுவே அவரது சாதனை.

இடம்பெறாத பெண்

ஆனால் இப்பெண்கள் வாழ்வது பழைய வீடுகளில். அவர்களது உழைப்பு பெரும்பாலும் ஓய்வுத்தருணமாகவே காட்சிப்படுகிறது. இதே காலத்தில் ஊர்ப்புறப் பெண்கள் வேறோர் உழைப்புக்குச் சென்றனர். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலையின் தொழிலாளர்களுள் பெரும்பான்மையோர் இளம்பெண்களே. ஓவியர் மறைந்த ஆறு மாதங்களில், 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்து மின்னணு ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர்.

இவ்விடைவெளியை ஓவியரின் அக்கறையின்மை எனக் கொள்வது எளிது. அது போதிய விளக்கமன்று. மின்னணுப் பொருள்களைப் பூட்டும் கூடத்தில் விளக்குகள் எங்கும் ஒரே அளவில் எரிகின்றன, நிழல் விழுவதில்லை. தொப்பி கூந்தலை மறைக்கிறது. மேலங்கியும் கையுறையும் தோலை மறைக்கின்றன. இளையராஜாவின் நடப்பியல் எவற்றால் பேசியதோ, அவை அனைத்தையும் ஆலை முன்னதாகவே நீக்கிவிடுகிறது. அவரது தூரிகைக்கு வசப்பட்டது சன்னலுள்ள வீடு; சன்னலற்ற கூடமன்று.

முடிவுரை

ஒரு நடப்பியல் எதைத் துல்லியமாகத் தீட்டுகிறது என்பதோடு, அதன் ஒளி எதுவரை செல்கிறது என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும். இளையராஜாவின் வழியைப் பின்பற்றும் இளம் ஓவியர்கள் முற்றத்தையும் குத்துவிளக்கையும் மீண்டும் தீட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. கருநிறப் பெண்ணுக்கு அவர் அளித்த மதிப்பை, நிழலற்ற வெளிச்சத்தில் நிற்கும் பெண்ணுக்கும் அளிப்பதற்குரிய வண்ணமுறையைக் கண்டறிவதே அவரது பணியின் தொடர்ச்சியாகும்.