சமவாய்ப்பும் சம எண்ணிக்கையும்: சென்னை உறக்க ஆய்வை முன்வைத்து

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ரேண்டம்’ என்னும் கருத்தைச் ‘சமவாய்ப்பு’ எனக் குறிக்கின்றன; இலங்கைத் தமிழ் வழக்கில் அது ‘எழுமாற்று’ ஆகும். முன்னது சமத்தன்மையையும் பின்னது முன்னறிய இயலாமையையும் முன்னிறுத்துகின்றன. கணினிவழிச் சோதனைகளில் பங்கேற்பாளரைச் சோதனைநிலைகளுக்குப் பகிர்ந்தளிக்க இவ்விரு பண்புகளும் வேண்டும். ஆயினும் ‘சமவாய்ப்பு’ என்னும் சொல், எண்ணிக்கை சமமானால் போதும் என்ற மயக்கத்திற்கு இடமளிக்கிறது.

பொழிச்சலூரிலுள்ள ஒரு கணினி மையத்தில், இரு எழுத்துருக்களின் வாசிப்பு வேகம் 40 பேரிடம் சோதிக்கப்படுவதாகக் கொள்வோம். முதலில் வரும் 20 பேருக்கு ஓர் எழுத்துருவும் பின்வரும் 20 பேருக்கு மற்றொன்றும் தந்தால் எண்ணிக்கை சமமாகும். ஆனால் காலையில் மாணவரும் மாலையில் பணி முடித்துக் களைத்தவரும் வந்தால், எழுத்துருவின் விளைவைக் களைப்பின் விளைவிலிருந்து பிரித்தறிய இயலாது. ஒவ்வொருவருக்கும் நாணயம் சுண்டினால் இக்குறை நீங்கும். எனினும் இருபுறமும் சரியாக 20 பேர் அமைவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ எட்டில் ஒன்றே. நால்வர் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு இருவர் வீதம் அமையும் ஆறு வரிசைமுறைகளுள் ஒன்றைக் கணினி தேர்ந்தால் இரு பண்புகளும் கைகூடும். தொகுதியின் அளவை அறிந்தவர் நான்காமவரின் நிலையை ஊகித்துவிடக்கூடும் என்பதால், பகிர்வுப் பட்டியல் சோதனையை நடத்துவோருக்கு மறைக்கப்பட வேண்டும்.

இவ்வளவும் நிறைவேறினும் ஒரு வினா எஞ்சுகிறது: எதனோடு ஒப்பிடுவது? பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா ஆகியோர் 2021இல் வெளியிட்ட உறக்க ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். சென்னையின் குறைந்த வருவாய்ப் பிரிவினர் 452 பேர் ஏறத்தாழ ஒரு மாதம் கணினியில் தரவுப் பதிவுப் பணி செய்தனர். இரவு உறக்கத்தைக் கூட்டும் உதவிகளும் பகலில் அரைமணி உறக்கமும் சமவாய்ப்பு முறையில் வழங்கப்பட்டன. இரவு உறக்கம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைமணி கூடியும் உற்பத்தித்திறன் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. பகல் உறக்கமோ அதனை உயர்த்தியது.

பகல் உறக்கம் பெறாதோர் அந்த அரைமணியில் இடைவேளை எடுத்தனர் அல்லது வேலையைத் தொடர்ந்தனர். இடைவேளையோடு ஒப்பிடுகையில் உறங்கியோரின் வருவாய் மிகுந்தது. தொடர்ந்த வேலையோடு ஒப்பிடுகையில் குறைந்தது. ‘பகல் உறக்கம் பயன் தரும்’ என்று மட்டும் மேற்கோள் காட்டுவது இவ்வாய்வைப் பாதியளவே வாசிப்பதாகும். ஒப்பீட்டு நிலையை இரண்டாக அமைத்ததே இதன் வலிமை. பகிர்வின் நேர்மை மட்டும் அவ்வேறுபாட்டை வெளிக்கொணர்ந்திராது.

எனவே தமிழில் எழுதப்படும் சோதனைமுறை ஆய்வேடுகள் ‘சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர்’ என்னும் ஒற்றைத் தொடரோடு அமைதல் போதாது. பகிர்வு முறை, தொகுதி அளவு, ஒவ்வொரு நிலையிலும் தொடங்கியோர், நிறைவுசெய்தோர் எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழுவினர் அந்நேரத்தில் செய்தது ஆகியவற்றைத் தனித்தனியே பதிவுசெய்தல் வேண்டும். இடையில் விலகுவோர் ஒரு நிலையில் மட்டும் மிகுந்தால், தொடக்கத்துச் சமன்பாடு முடிவில் நிலைக்காது. ‘சமவாய்ப்பு’ பகிரும் முறையைக் குறிக்கட்டும். எண்ணிக்கைச் சமனைக் குறிக்கத் தனிச்சொல் வேண்டும்.