கணக்கு வருது, அளவு வரல

அமெரிக்கக் கல்லூரிகளில் அறிமுக நிலவியல் வகுப்புக்கு ஒரு கேலிப்பெயர் உண்டு: 'ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்'. விளையாட்டே கதின்னு இருக்கிற பசங்களும் பாஸ் பண்ணிடக்கூடிய கல் பாடம்னு அர்த்தம். பட்டம் வாங்க ஏதாவது ஒரு அறிவியல் பாடம் எடுத்தாகணும். இயற்பியல்னா கணக்கு வரும், கல்லும் மலையும்னா வராதுன்னு நம்பிச் சேர்றவங்க நிறைய. உள்ளே வந்த பிறகுதான் தெரியும், அடர்த்தி, வேகம், சரிவு, வரைபடம்னு கணக்கு இங்கேயும் காத்திருக்குன்னு.

இவங்களுக்காக ஜெனிஃபர் வென்னர், எரிக் பேர் என்ற இரண்டு நிலவியல் பேராசிரியர்கள் உருவாக்கிய இணையப் பாடத்தொகுப்புதான் 'தி மேத் யூ நீட், வென் யூ நீட் இட்'. கார்ல்டன் கல்லூரியின் 'செர்க்' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அலகு மாற்றம், சமன்பாட்டை மாற்றி எழுதுவது, புள்ளிகளை வரைபடத்தில் குறிப்பது, சரிவு காண்பது என ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பாடம். முதலில் ஒரு முன்தேர்வு, பிறகு படிப்படியான விளக்கமும் பயிற்சியும், கடைசியில் இன்னொரு தேர்வு. வகுப்பு நேரத்தைத் தொடாமல் மாணவர் தன் வேகத்தில் முடிக்கலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது நேரம். பள்ளியில் எப்போதோ படிச்ச இயற்கணிதம் தானா வந்து கைகொடுக்கும்னு இவங்க எதிர்பார்க்கல. கடல்தளம் ஏன் தாழ்ந்து கிடக்கு, கண்டம் ஏன் உயர்ந்து நிற்குதுன்னு வகுப்பில் பேசப் போற வாரத்துக்குச் சற்று முன்னாடி அடர்த்திக் கணக்கைக் கொடுக்கலாம். கணக்குக்கு அப்போ ஒரு வேலை இருக்கும்.

என் குறை வேற இடத்தில். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹவாய்த் தீவுகளில் கவாய் தீவின் பாறைகளுக்கு வயசு சுமார் 50 லட்சம் வருஷம். இப்போ எரிமலை குமுறிக்கிட்டிருக்கிற கீலவேயாவிலிருந்து அது சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அப்போ பசிபிக் தட்டு எவ்வளவு வேகமா நகருது? தூரத்தைக் காலத்தால் வகுத்தா வருஷத்துக்கு 0.0001 கி.மீ. விடை சரிதான். ஆனா இந்த எண் யாருக்கும் எதையும் சொல்லாது. 10 செ.மீ.ன்னு மாத்தினா கொஞ்சம் புரியும். நம்ம விரல் நகம் வருஷத்துக்கு மூணு, நாலு செ.மீ. வளரும், இது அதைப் போல ரெண்டு மூணு மடங்குன்னு சொன்னாத்தான் தட்டு நகர ஆரம்பிக்கும்.

இப்போ ஒரு மாணவர் அலகு மாற்றுவதில் தவறி 10 மீட்டர்னு எழுதிட்டார்னு வைங்க. 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், அதே பசிபிக் தட்டின் ஓரத்தில், நிலம் அதிகபட்சமா விலகின இடங்களிலேயே சுமார் 6 மீட்டர்தான். இவர் விடைப்படி அதைவிடப் பெரிய நகர்வு ஒவ்வொரு வருஷமும் நடக்கணும்! அது தெரிஞ்சவர் பேனாவைக் கீழே வைக்கமாட்டார். படிகளை மட்டும் பழகினவர் அடுத்த கணக்குக்குப் போயிடுவார்.

விடை பொருத்தமா இருக்கான்னு கடைசியில் பாருங்கன்னு சொல்றது நல்ல அறிவுரைதான். ஆனா ஒப்பிட மனசில் ஒரு அளவு இல்லாதவர் எதோட வெச்சுப் பார்ப்பார்? திறன்களைத் தனித்தனியா நறுக்கிக் கொடுக்கிற முறையில் அந்த அளவுணர்வு எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாம நழுவிடுது.

வகுப்போட முடியற விஷயமும் இல்ல இது. 'நூறாண்டு வெள்ளம்' என்பதை எடுத்துக்கங்க. ஆற்றின் வெள்ளப் பதிவுகளை வரிசைப்படுத்தி, வருஷங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, தரவரிசையால் வகுத்தா மீள்வருகைக் காலம் வந்துடும். இந்தக் கணக்கைச் சரியாப் போட்ட மாணவரே, "போன வருஷம்தானே வந்துச்சு, இனி 99 வருஷத்துக்குக் கவலையில்ல"ன்னு நினைக்கக்கூடும். உண்மையில் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. அப்படிப்பட்ட இடத்தில் 30 வருஷக் கடனில் வீடு வாங்கினா, கடன் முடியறதுக்குள்ள அந்த வெள்ளம் ஒரு முறையாவது வர வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலில் ஒன்று. இந்த மாணவர்களில் பலருக்கு இதுதான் வாழ்க்கையில் கடைசி அறிவியல் பாடம். வீடு வாங்கறப்போ கூட வரப்போறது சூத்திரம் இல்ல, இந்த நாலில் ஒன்றுதான்.

ஆசிரியருக்கு நேரமில்லைங்கிறது உண்மை. அதுக்காகத்தானே கணக்கை வகுப்புக்கு வெளியே அனுப்பினாங்க. செய்முறையை இணையம் சொல்லிக் கொடுக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனா மிச்சமாகிற நேரத்தில் ஐந்து நிமிஷத்தை ஒதுக்கி, கணக்கு போடறதுக்கு முன்னாடி, "நகத்தைவிட வேகமா, மெதுவா? சும்மா ஊகிங்க"ன்னு கேட்கணும். தப்பா ஊகிச்சவங்கதான் விடையைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவாங்க. இந்தத் தொகுப்பைப் பயன்படுத்தற ஆசிரியர் அந்த ஐந்து நிமிஷத்தையும் சேர்த்து இணையத்துக்கே விட்டுட்டார்னா, தேர்வு மார்க் ஏறலாம், தட்டு நகராது.