முதல் கணினியை ரசிப்பது எப்படி?

வீட்டுக்கு வந்த முதல் கணினியைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் ஹார்ட் டிஸ்க் எத்தனை மெகாபைட், புரொசஸர் 386-ஆ 486-ஆ என்றுதான் தொடங்குவார்கள். இன்றைய கைப்பேசிக்கு முன்னால் அந்த எண்கள் அற்பம். அவற்றில் ரசிக்க அதிகமில்லை. அந்தப் பெட்டியால் எது முடியவில்லை, அந்தக் குறையைத் தீர்த்தவர் யார் என்று பார்க்கத் தொடங்கினால் பழைய நினைவு சுவைக்கிறது. சிங்கப்பூரில் அந்த விடை பெரும்பாலும் உள்ளூரிலேயே இருக்கிறது.

முதலில் காது. அன்றைய ஐபிஎம் வகைக் கணினியின் சின்ன ஸ்பீக்கர் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் எழுப்பும். கீச்சென்று கத்தும், அவ்வளவே. 1981-ல் சிம் வோங் ஹூ இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. அதிலிருந்த யமஹா சில்லு ஒன்பது குரல்களைச் சேர்த்து ஒலித்தது. பேச்சும் வெடிச்சத்தமும் கூடவே வந்தன. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதியில் அட்டை வாங்கினால் மட்டும் போதாது. கணினியின் தொடக்கக் கோப்பில் ‘ஏ220 ஐ5 டி1’ என்ற மாதிரி ஒரு வரி சரியாக அமைய வேண்டும். ஓர் எண் பிசகினாலும் விளையாட்டு ஊமையாகிவிடும். இன்று, பழைய கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஒரு பழைய விளையாட்டை முதலில் ஸ்பீக்கர் ஒலியில் ஐந்து நிமிடம் ஆடுங்கள், பிறகு சவுண்ட் பிளாஸ்டருக்கு மாற்றுங்கள். வரிசையை மாற்றினால் பயனில்லை. இது போலி அனுபவம்தானே என்பார்கள். பெட்டியின் சூடும் மின்விசிறி இரைச்சலும் இதில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு ஒலிகளுக்கும் நடுவே உள்ள தூரம் குறையாமல் கிடைக்கிறது. ரசிக்க வேண்டியதும் அதுதான்.

அடுத்தது கண். அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்ததால், ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் ஆங்கிலக் குறிகளின் குப்பையாக விழும். இந்தக் குறையோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவருடைய ‘கணியன்’ என்ற கணினித் தமிழ் முயற்சியால் 1995-லேயே சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1997-ல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடும் இங்கே கூடியது.

இதெல்லாம் கணினி வாங்க வசதியிருந்த வீடுகளின் ஏக்கம் என்ற குறை நியாயமானது. பெட்டியைக் கொண்டாடினால் அந்தக் குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்ளும். ஒலியும் எழுத்தும் வந்த கதையோ, பள்ளி ஆய்வகத்தில் மட்டும் கணினியைத் தொட்டவருக்கும் உரியது. ‘கடந்த காலம் எல்லாமே இனிப்பாகத் தெரியும்’ என்ற எதிர்வாதமும் இங்கே நிற்காது. நாம் பார்ப்பது இனிப்பையல்ல, எரிச்சலை. பழைய வட்டில் 90-களின் தமிழ்க் கடிதம் அகப்பட்டால் உடனே இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடாதீர்கள். அந்தக் குப்பையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எந்தக் குறி ‘அ’, எது ‘ம்’ என்று ஊகியுங்கள். இரண்டு வரி பிடிபட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம்.