திரையில் பெயர், ஏட்டில் இலக்கணம்

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் குடியிருக்கும் குடும்பத்தை, ஆவணி பிறந்ததும் காலி செய்துவிடும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் அல்லவா? அந்த வழக்கம் அவர்களுக்கு ஒரு மாதத் தவணை வாங்கிக் கொடுத்தது. வாடகை பாக்கி கிடையாது; தண்ணீர்ச் சண்டையும் கிடையாது. அக்குடும்பத்தின் மூத்த மகன் சென்ற கார்த்திகையில் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவன். ஆனி மாதக் கடைசியில் அவன் தாயார் நோயின் பெயரை வீட்டுக்கார அம்மாளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பைபோலார் என்பது அந்தப் பெயர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ‘3’ என்னும் திரைப்படத்தைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

“படத்துல பார்த்தேனே சார், கடைசியில எப்படி முடியுதுன்னு” என்றார் வீட்டுக்காரர். அவர் பொல்லாதவர் அல்லர். கோடையில் தம் கிணற்றுத் தண்ணீரைத் தெருவுக்கே கொடுப்பவர். அவர் பார்த்ததைத்தான் சொன்னார். ஆகவே, அவரிடம் வாதாடுவதைக் காட்டிலும் அவர் பார்த்ததை நாம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கதைக்குச் சுதந்திரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பைத்தியம் என்று ஒருவனைப் பொதுவாகக் காட்டிவிட்டுப் போனால் அறிவியல் ஏட்டுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால், வெள்ளைக் கோட்டு அணிந்த மருத்துவர் ஒருவரைத் திரையில் கொண்டுவந்து, நோயின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அந்தப் பெயருக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது.

இலக்கணம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ஓசை இனிமையாக இருப்பதால் ஒரு பாட்டு வெண்பா ஆகிவிடாது. வெண்டளை பிறழக் கூடாது. ஈற்றடி முச்சீராக இருக்க வேண்டும். பிற தளை கலக்கக் கூடாது. மனநோய்க்கு வகுத்துள்ள விதிகளும் இத்தகையனவே. இன்னின்ன குறிகள், இத்தனை எண்ணிக்கையில், இத்தனை நாள் நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ குலைத்திருக்க வேண்டும்; வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு உள்ளதுபோல் இரத்தத்தில் பார்த்துச் சொல்லும் சோதனை இங்கே இல்லை. ஆகையால் விதிதான் அளவுகோல்.

இந்த அளவுகோல் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பது சுவையான வரலாறு. 1960களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் மிகுதியாகவும், லண்டனில் குறைவாகவும் இருப்பதாகக் கணக்குகள் காட்டின. அட்லாண்டிக் கடலுக்கு இருபுறமும் மனிதர் மூளை மாறிவிடுமா? இரு நகர நோயாளிகளையும் ஒரே கேள்விமுறையால் ஆராய்ந்து பார்த்தார்கள். 1972இல் முடிவு வெளிவந்தது. வேறுபாட்டின் பெரும்பகுதி நோயாளிகளிடம் இல்லை, மருத்துவர்களிடம் இருந்தது! லண்டனில் பித்தெழுச்சி என்றோ மனச்சோர்வு என்றோ சொல்லப்படக்கூடிய பலருக்கு நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதியிருந்தார்கள். 1980இல் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பை எண்ணிக்கையும் கால அளவும் குறித்து வெளியிட்டதற்கு இத்தகைய குழப்பங்களே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் மற்றொன்று. அதன் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ளது.

இனி ‘3’ படத்துக்கு வருவோம். 2012இல் ஐஸ்வர்யா தனுஷ் இயக்கத்தில் வந்தது. இருமுனைக் கோளாறு என்று நாம் தமிழில் சொல்லும் நோய் கதாநாயகன் ராமுக்கு. இந்நோய்க்கு அடையாளமான பித்தெழுச்சிக்கு விதி என்ன? மனம் அளவுமீறிப் பொங்கியோ எரிச்சலுற்றோ இருக்க வேண்டும். உடலில் வேகம் கூடியிருக்க வேண்டும். அது ஏறக்குறைய நாள் முழுவதும், ஒரு வாரமேனும் நீடிக்க வேண்டும். அதோடு டி.எஸ்.எம். கூறும் ஏழு குறிகளில் மூன்றேனும் வேண்டும். தூக்கம் தேவைப்படாமை, ஓயாப் பேச்சு, தன்னைப் பற்றிய பெருமிதம், எண்ணங்கள் ஓட்டமாய் ஓடுதல், கைப்பணத்தை வாரி இறைத்தல் முதலியன அவை. போதைப்பொருளாலோ வேறு உடல் நோயாலோ வந்ததாக இருக்கக் கூடாது.

இந்த விதியில் திரைப்படம் எடுத்துக்கொள்ளாத சொல் ஒன்றே ஒன்றுதான். அது ‘வாரம்’. திரையில் ராம் ஒரு நொடியில் சாதுவாக இருக்கிறான். அடுத்த நொடியில் கண் சிவந்து நிற்கிறான். பார்ப்பவர் மனத்தில் தைப்பது, எந்த நேரமும் வெடிக்கக்கூடிய ஒரு வெடி என்ற எண்ணம். மாடிவீட்டுப் பையனுக்கு நடந்தது அப்படி அன்று. நான்கு இரவு தூங்கவில்லை, களைப்பும் இல்லை. பிள்ளை உற்சாகமாக இருக்கிறானே என்று தாயார் முதலில் மகிழ்ந்துகூடப் போனார். ஐந்தாம் நாள், தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் மிக்சி வாங்கித் தருவதாகச் சொல்லித் தவணைக் கடையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். மெல்ல மெல்ல ஏறும் வெள்ளம் அது. பார்த்துக்கொண்டிருப்பவர் கரைபோட நேரம் இருக்கிறது. எத்தனை நாள் என்பதை விதியிலிருந்து எடுத்துவிட்டால், அந்த நேரமும் பார்ப்பவர் அறிவிலிருந்து போய்விடுகிறது.

படத்தில் நியாயமானவையும் உண்டு. மாயத் தோற்றங்களைக் காட்டியது பிழை என்று சிலர் சொல்வார்கள். கடும் பித்தெழுச்சியில் அவை வரக்கூடும் என்று விதியே சொல்கிறது. நோயை மனைவியிடம் மறைக்கும் அவமான உணர்ச்சியும், கூடவே நிற்கும் நண்பனும் உண்மையோடு படைக்கப்பட்டவை. தற்கொலை அபாயம் இந்நோயில் மிகுதி என்பதும் மெய். ஆனால் படம் அவன் சாவிலிருந்தே தொடங்குவதால், மருந்து முதலிலேயே தோற்றுப்போனதாக ஆகிவிடுகிறது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்பவர் லித்தியம் உப்பு பித்தெழுச்சியைத் தணிப்பதைக் கண்டறிந்தார். தற்கொலை அபாயத்தையும் அது குறைக்கிறது எனப் பின்னர் அறிந்தோம். இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. மாத்திரை விழுங்கி அலுவலகம் போய்வரும் ஒருவனை வைத்துப் படம் எடுத்தால் ஓடாது என்பார்கள். இருக்கலாம்.

2005இல் வந்த ‘அந்நியன்’ படத்தில் குற்றம் வேறு வகை. அம்பி, ரெமோ, அந்நியன் என ஓருடலில் மூவர். ஒருவன் செய்ததை மற்றவன் அறியாதிருத்தல் இந்நோயின் விதிகளில் முக்கியமானது. படம் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனால் படம் சொல்லும் ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்ற பெயரை டி.எஸ்.எம். 1994இலேயே கைவிட்டுவிட்டது. பெயர் கிடக்கட்டும். அமெரிக்காவில் 1973இல் ‘சிபில்’ என்ற நூலும் 1976இல் அதன் தொலைக்காட்சிப் படமும் வந்த பிறகுதான் இந்நோய் கண்டதாகச் சொல்லப்பட்டோர் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. கதை நோயைத் தவறாகச் சொல்வது ஒரு பக்கம் இருக்க, நோயாளியும் மருத்துவரும் கதையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதும் நடக்கிறது! நம் நாட்டு மருத்துவர்களிடம் வருவோரில் மூன்று பெயர் கொண்டவர் அரிது. பேயோ தெய்வமோ தம்மேல் இறங்கியதாகச் சொல்வோரே மிகுதி.

அதனால்தான் அதே ஆண்டில் வந்த ‘சந்திரமுகி’ நமக்கு இன்னும் நெருக்கமானது. கங்கா தன்னை மாண்டுபோன நாட்டியக்காரியாக எண்ணிக்கொள்கிறாள். ரஜினிகாந்த் நடிக்கும் மனநல மருத்துவர், ஆவி ஓட்டும் ஆச்சாரியாரோடு சேர்ந்து அவளைக் குணமாக்குகிறார். ஒரே இரவில் ஒரு பொம்மையை எரித்து நோய் தீர்வது வேடிக்கைதான். ஆயினும் இதன் மூலமான 1993ஆம் ஆண்டு மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ தொடங்கிவைத்த நல்ல காரியம் ஒன்றுண்டு: ஆடிய பெண்ணைப் பேய் என்று அடிக்காமல் நோயாளி என்று சொன்னது.

விடுபட்டது அடுத்த படி. எங்கள் பக்கத்து அம்மன் கோவிலில் ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றும்போது பம்பைச் சத்தம் கேட்டதும் ஓர் அம்மாள் சாமியாடுவார். திருநீறு கொடுப்பார். அரைமணியில் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். அவர் நோயாளியா? சந்திரமுகியை மட்டும் பார்த்த மாணவன் ஆம் என்பான். விதி இல்லை என்கிறது! உலக சுகாதார நிறுவனத்தின் ஏடு, ஆட்கொள்ளப்படும் நிலை தானே விரும்பாமல் வந்ததாகவும், ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் சேராததாகவும், வாழ்க்கையைக் குலைப்பதாகவும் இருந்தால்தான் அதை நோய் என்று எழுதச் சொல்கிறது. நோய்க்குள் யாரை இழுப்பது என்பதற்குப் போலவே, யாரை இழுக்கக் கூடாது என்பதற்கும் இவ்விதிகள் வேலியாக நிற்கின்றன. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் மூன்றாம் பிரிவில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததாலோ, சாதி, மதம், ஏழ்மை இவற்றாலோ ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது.

வேலி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் ‘ஆளவந்தான்’ வெளிவந்தது. மனச்சிதைவு நோய் என்று சொல்லப்பட்ட நந்து, காப்பகத்திலிருந்து தப்பிக் கொலை செய்துகொண்டே போகிறான். கமலஹாசனின் நடிப்பை நானும் வியந்தவன்தான். ஆனால் தமிழ்நாடு சங்கிலிகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்த ஆண்டில், சங்கிலி அவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தைத் திரை விற்றது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று பள்ளிப் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் ஊர் நம்முடையது. 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் பெயர் வசையாகிப் போனதில் திரைக்கும் பங்கு உண்டு.

விதிகளே குறையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. மனச்சோர்வுக்கு ஒன்பது குறிகளில் ஐந்து, இரண்டு வாரம் இருக்க வேண்டும். அவற்றில் துயரமோ நாட்டமின்மையோ ஒன்றேனும் கட்டாயம். இந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்ய எத்தனை வழிகள் உண்டு? கணக்கு மாணவர்கள் சேர்வுமுறையில் போட்டுப் பார்க்கலாம்: 227 வரும். ஒரே நோயின் பெயரைச் சுமக்கும் இருவருக்கு ஒரே ஒரு குறி மட்டும் பொதுவாக இருக்கவும் கூடும். ஐந்து குறி உள்ளவன் நோயாளி, நான்கு உள்ளவன் இல்லை என்பதும் இயற்கை வகுத்த கோடு அன்று. குழு கூடி இட்ட கோடு. 1980இலிருந்து இருந்துவந்த ஒரு விலக்கு, அதாவது உற்றார் இறந்த துக்கத்தில் இருப்பவரை உடனே நோயாளி ஆக்கக் கூடாது என்பது, 2013இல் ஐந்தாம் பதிப்பில் எடுக்கப்பட்டது. அது சரியா என்று மருத்துவர்களே இன்னும் சண்டையிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் குழு இட்ட கோட்டைக் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். திரை இட்ட கோட்டை யாரிடம் போய்த் திருத்துவது?

இவற்றையெல்லாம் வீட்டுக்காரரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. விதி எழுதியிருந்த ஒரு தாளைப் படித்துக் காட்டினேன். ஒரு வாரம், மூன்று குறிகள் என்ற இடத்தில் தலையாட்டினார். பிறகு, படம் எடுத்த எவரும் கேட்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

“சரி சார், நோய் வந்துச்சுன்னு சொல்ல ஒரு வாரம் வேணும். போயிருச்சுன்னு சொல்ல எத்தனை நாள் வேணும்?”

அதற்கும் அந்த ஏட்டில் விதி இருக்கிறது. குறிப்பிடத்தக்க குறி எதுவுமின்றி இரண்டு மாதம் இருந்தால் முழுத் தணிவு என்று எழுதலாம். மருந்தை நிறுத்தலாம் என்று அதற்குப் பொருள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மார்கழியிலிருந்து விரல்விட்டு எண்ணினார். ஆடியோடு எட்டு மாதம் ஆகியிருந்தது.

இதை எழுதும்போது ஆவணி பிறந்து பத்து நாள். மாடியில் விளக்கு எரிகிறது. காலி செய்வதைப் பற்றி இதுவரை பேச்சில்லை.